வாரேன் என்று சொன்னவர்கள்

கோவில்பட்டியில் விண்வெளிக் கதை வாசிக்கிற ஆட்கள் கூடி மாநாடு போட்டார்கள் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், ஆனால் போட்டார்கள், அதுவும் ஏனோதானோ என்று இல்லை, செல்லத்தாய் திருமண மகாலை சனி ஞாயிறு இரண்டு நாளும் பிடித்து, மணமேடையில் பேச்சாளர்களை உட்காரவைத்து, பந்தி நடக்கிற ஹாலில் புத்தகக்கடை பரப்பி, மணமகள் அறையில் வேற்றுக்கிரக முகமூடி செய்யப் பயிற்சி வைத்து, வாசலில், பெண்வீட்டார் நின்று பன்னீர் தெளித்து சந்தனமும் கற்கண்டும் நீட்டி வாங்க வாங்க என்று சொல்கிற அதே இடத்தில், நீளமான ஒரு பந்தி மேசையைப் போட்டு அதற்குத் தன்னார்வலர் மேசை என்று பேரும் வைத்தார்கள். அந்த மேசைக்குப் பொறுப்பு மாரிக்கனி.

மாரிக்கனிக்கு வேலை பார்சல் ஆபீஸில். எந்த லாரி எப்போது வரும், வராவிட்டால் யாரைப் பிடிப்பது என்பதே பிழைப்பாகிப் போனதால், வருகிறதைப் பற்றிச் சந்தோஷப்படத் தெரியாமல் வராததைப் பற்றியே யோசிக்கிற மனசு அவளுக்கு வாய்த்திருந்தது. மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்ல, அட்டை மாட்டிவிட, நாற்காலி நகர்த்த, மைக்கைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும். யார் வேண்டுமானாலும் மேசைக்கு வந்து எனக்கு ஒரு மணி நேரம் ஓய்வாக இருக்கிறது என்று சொன்னால் அவர் தன்னார்வலர், அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு மாசமாக வாசகர் வட்டத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் போன் போட்டாள். அத்தனை பேரும் வாரேன் என்றார்கள்.

இந்த வாரேன் இருக்கிறதே, அதை நம்பி அந்தச் சீமையில் யாரும் உலை வைக்க மாட்டார்கள். வாரேன் என்றால் வருகிறேன் என்றும் அர்த்தம், கிளம்புகிறேன் என்றும் அர்த்தம், ஆளை விடு என்றும் அர்த்தம். தெருமுக்குக்குத் தீப்பெட்டி வாங்கப் போகிறவனும் வாரேன் என்றுதான் சொல்வான், ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகிறவனும் வாரேன் என்றுதான் சொல்வான். போறேன் என்று மட்டும் எவனும் சொல்ல மாட்டான், சொன்னால் பெத்தவள் வாயிலேயே ஒன்று போடுவாள். அதனால் மாரிக்கனி அந்த மாசம் முழுக்கத் தூங்கவில்லை.

தூங்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் பெரிய காரணம், அதன் பெயர் ஜெசிந்தா. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கிளை நூலகத்தில் இருந்த ஒரே ஒரு செவ்வாய்க்கிரகப் புத்தகத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்து, அட்டை ஒருத்தி கையோடும் மிச்சம் ஒருத்தி கையோடும் வந்து, இரண்டு பேரும் சேர்ந்து வசவு வாங்கியதில் தொடங்கிய சிநேகம். வாசகர் வட்டத்தை ஆரம்பித்ததே அவர்கள் இரண்டு பேரும்தான். நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா இப்போது கனடாவில் இருக்கிற புருஷனிடம் போகிறாள்; ஞாயிற்றுக்கிழமை மாநாடு முடிகிற அன்றைக்குச் சாயந்தர ரயிலில் சென்னை, அங்கேயிருந்து விமானம். தாய் தகப்பன் இல்லை, வீட்டையும் கொடுத்தாயிற்று, இனி திரும்பி வர முகாந்திரம் எதுவும் கிடையாது. ஊரில் எல்லாரும் அவளிடம் இதைப் பற்றிப் பேசிவிட்டார்கள், மாரிக்கனி ஒருத்திதான் பேசவில்லை, பேசினால் அழுதுவிடுவோம் என்று பயம். ஜெசிந்தாவும், மூட்டை கட்டுகிற வேலை இருக்குட்டி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மேசையில கடைசி முறைக்கு நான் உக்காருதேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை காலையில், பயந்த மாதிரியே, வாரேன் என்றவர்களில் மோட்டார் காயில் கட்டுகிற லிங்கதுரை ஒருவர்தான் வந்தார். உள்ளே கூட்டம் சேர்கிறது, மைக் கொண்டுபோக ஆள் இல்லை, முகமூடிப் பயிற்சிக்குப் பசை இல்லை, மதுரையிலிருந்து வந்த பேச்சாளர் சமையல்கட்டில் வழி தவறி நிற்கிறார். லிங்கதுரை தன் ஒரு மணி நேரம் முடிந்ததும் எழுந்து, கடையில ஆள் காத்திருக்காக, வாரேன் மாரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி, வண்டியை உதைத்து, கேட்டைத் தாண்டித் திரும்பினார். அவர் வண்டிச் சத்தம் தெருமுக்கில் தேய்ந்துகொண்டிருக்கும்போதே லிங்கதுரை கேட் வழியாக நடந்து உள்ளே வந்து, படியேறி, எழுந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

மறந்து எதையும் விட்டுட்டீகளா அண்ணே என்று கேட்டாள் மாரிக்கனி. இல்லையே, வாரேன்னு சொன்னேன்ல, வந்துட்டேன் என்றார் அவர். வண்டி எங்கே என்று கேட்டதற்கு, அது போனவன்கிட்ட இருக்கும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மைக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கடைக்குப் போன் போட்டால் லிங்கதுரை எடுத்தார். சந்தேகத்துக்கு இரண்டு பேரையும் போனில் பேசவிட்டாள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னப்பா என்றார்கள்.

வேறு கூட்டமாக இருந்தால் அலறி அடித்துக்கொண்டு ஓடியிருக்கும், அல்லது விழுந்து கும்பிட்டிருக்கும். இவர்கள் ஆயுசு முழுக்க இப்படி ஏதாவது நடக்காதா என்று காத்துக்கிடந்த ஆட்கள், அதனால் ரொம்ப மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள். இணை உலகங்களைப் பற்றி மணமேடையில் பேசிக்கொண்டிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு மொத்த சபையும் வாசலுக்கு வந்து, லிங்கதுரையைச் சுற்றி நின்று, ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்லி, ஒருவர் விளக்கத்தை இன்னொருவர் மறுத்து, காப்பி குடிக்கப் போனது. மகாலின் மேனேஜர் சண்முகையா அண்ணாச்சிதான் ஒரே பேச்சில் முடித்தார். இத்தனை வருசமா இந்த இடத்துல நின்னு எத்தனையாயிரம் வாங்க சொல்லியிருப்பாக, தரைக்கும் பழக்கமாயிருக்கும்லா என்றார். அதற்குமேல் காரணம் கேட்க யாருக்கும் நேரமில்லை.

மாரிக்கனி செய்ததுதான், வராததையே யோசிக்கிற ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. அதிசயம் நடந்தால் அது எதுக்கு, எங்கே போய் முடியும் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? அவள் அதை முறைவேலையில் சேர்த்துவிட்டாள். புத்தகம் வாங்க வந்தவர், பிள்ளைக்கு முகமூடி வாங்க வந்த தகப்பன், ரெண்டு நிமிஷம் எட்டிப் பார்க்க வந்த மருந்துக்கடைக்காரர் என்று கிளம்புகிற ஒவ்வொருவரையும் மேசைக்கு முன்னால் நிறுத்தி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க என்று கெஞ்சி, அவர்களும் வெட்கச் சிரிப்போடு வாரேன் சொல்லி, கேட்டைத் தாண்டி, தாண்டிய கையோடு திரும்பவும் வந்து, என்ன வேலை இருக்குது என்று கேட்டார்கள். மத்தியானத்துக்குள் தட்டுப்பாடு தீர்ந்தது. குழப்பம் வரக்கூடாது என்று, வெளியே இருப்பவருக்குப் போனவர் என்றும் உள்ளே இருப்பவருக்கு வந்தவர் என்றும் பேர் வைத்து, வந்தவர்களுக்கு மஞ்சள் அட்டை மாட்டிவிட்டாள்.

ஊரும் இதைத் தன் போக்கில் ஏற்றுக்கொண்டது. சமையல்கட்டு ஆவுடையம்மா, வந்தவக சாப்பிடுவாகளா என்று ஒரு கேள்வி கேட்டாள், நன்றாகவே சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் இன்னொரு அண்டாவை ஏற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சரிம்மா வாரேன் என்று கிளம்ப, ஒரு போலீஸ்காரரும் மகாலிலேயே தங்கிப்போனார், அது பாதுகாப்புக்கு நல்லதுதான் என்று ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டார்கள். லிங்கதுரையின் சம்சாரம் வந்து வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள், அவர் நாற்காலிகளை வரிசையாக அடுக்குவதைப் பார்த்தாள், இவரை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், அவரு கடையிலேயே இருக்கட்டும் என்றாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டும் போனாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கால் நகரவில்லை, எத்தனை தரம் இழுத்தும் நகரவில்லை.

அப்போதுதான் மாரிக்கனி அவர்களைச் சரியாகப் பார்த்தாள். வந்தவர்கள் எல்லாரும், வேலை செய்யும்போதும் சாப்பிடும்போதும் சிரிக்கும்போதும், பேச்சுக்கு நடுவில் ஒருமுறை கேட் பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ராத்திரி ஒருத்தரும் படுக்கவில்லையாம், நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம், ஆவுடையம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சண்முகையா அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். நாளைக்கு முகூர்த்தம், சாயந்தரத்துக்குள்ள மகால் காலியாகணும், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொல்லாத ஆளுக, இவுகளையெல்லாம் நான் எங்க கொண்டுபோய் வைக்க தாயீ என்றார்.

வழி தானாகத்தான் வந்தது. போன லிங்கதுரை, கடை லீவு என்று, காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு மேசைக்கு வந்தார். வந்து மேசையில் கையை ஊன்றினார். உட்கார்ந்திருந்த லிங்கதுரை, அப்பாடா என்றார், அவ்வளவுதான், நாற்காலியில் ஆள் இல்லை, மேசைக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு லிங்கதுரை இரண்டு ஆள் அலுப்போடு நின்றுகொண்டிருந்தார். சொன்ன சொல்லை அவரவர் வந்து காப்பாற்றிவிட்டால் மற்றவருக்கு வேலை முடிந்தது என்று எல்லாருக்கும் புரிந்தது.

அப்புறம் மாரிக்கனி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. விளாத்திகுளத்துக்குப் போனவர், கழுகுமலைக்குப் போனவர், துட்டி கேட்கப் போய்ச் சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தவர் எல்லாரையும் கெஞ்சி, வைது, உங்க ஆளு இங்க கேட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு, உங்களுக்கு மனசாட்சி இல்லையா என்று கேட்டு வரவைத்தாள். அந்தச் சீமையின் சரித்திரத்திலேயே வாரேன் என்று சொன்னவர்கள் எல்லாரும் வந்தது அன்றைக்குத்தான். ஒவ்வொருவராக வந்து மேசையைத் தொடத் தொட, அப்பாடா அப்பாடா என்று உள்ளே காலியாகிக்கொண்டு வந்தது. ஆனால் திரும்பிப் போகும்போது என்ன சொல்வது? வாரேன் சொல்லக்கூடாது, கல்யாண மகால் வாசலில் நின்றுகொண்டு போறேன் என்று சொல்ல எவருக்கும் நாக்கு எழவில்லை. தலையை ஆட்டினார்கள், கையைக் காட்டினார்கள், அப்பப் பாப்போம் என்று ஒருவர் ஆரம்பிக்க, அது எதில் போய் முடியுமோ என்று அண்ணாச்சி அவர் வாயைப் பொத்தி அனுப்பிவைத்தார். ஊமைகள் ஊர்வலம் மாதிரி எல்லாரும் படியிறங்கிப் போனார்கள்.

மத்தியானம் ஜெசிந்தா வந்தாள். ஊருக்குப் போகிற சேலை, தலையில் பூ, கண் வீங்கியிருந்தது. கடைசி முறைக்கு மேசையில் மாரிக்கனி பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து நடந்ததை அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தாள், மூட்டை கட்டுகிற அவசரத்தில் யாரோ கதை சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டாளாம். மாரிக்கனி சொல்லியிருப்பாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மாரிக்கனி சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தாள், அப்போது ஜெசிந்தா ஒரு சின்னப் பிள்ளைக்கு அட்டை மாட்டிவிட்டு, கன்னத்தைக் கிள்ளி, நீ எந்தக் கிரகம்ல என்று கேட்டாள், அந்தக் குரல் நாளைக்கு இங்கே இருக்காது என்று நினைத்ததும் மாரிக்கனி வாயை மூடிக்கொண்டாள். ஒருத்தி போகட்டும், புருஷனிடம் போகட்டும், நன்றாக இருக்கட்டும், ஆனால் ஒருத்தி இருக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?

கூட்டம் கலைந்தது. ஆட்டோ வந்து கேட்டில் நின்றது. ஜெசிந்தா எழுந்து மாரிக்கனியைக் கட்டிப்பிடித்து, தோளில் முகத்தை வைத்து அழுது, மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, வாரேன்ட்டி என்றாள். போயிட்டு வா என்றாள் மாரிக்கனி. ஆட்டோ திரும்பியது. கேட் வழியாக ஜெசிந்தா நடந்து வந்தாள்.

அந்த நிமிஷம் மாரிக்கனிக்கு வந்த சந்தோஷத்தைக் குறை சொல்ல முடியாது. கையைப் பிடித்து உட்காரவைத்தாள், ஆவுடையம்மாவிடம் காப்பி வாங்கிக் கொடுத்தாள், கிழிந்த செவ்வாய்க்கிரகப் புத்தகத்திலிருந்து நேற்று நடந்தது வரை மூச்சுவிடாமல் பேசினாள், ஒரு மாசமாகப் பேசாததை எல்லாம் பேசினாள். ஜெசிந்தாவும் சிரித்தாள், சரியாகத்தான் பதில் சொன்னாள். பேச்சுக்கு நடுவில் கேட் பக்கம் பார்த்தாள். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுப் பார்த்தாள். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவ எப்ப வருவாட்டி?"

"அவ வர மாட்டா ஜெசி. கனடாவுக்குப் போறா. நீ என்கூட இரு."

"வர மாட்டாளா? அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

தன்னைப் பார்க்கிற இப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் மாரிக்கனி கண்டதில்லை. கோபம் கூட இல்லை, பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு ஆள் வராமல் போன பிள்ளையின் முகம் அது. நான் பெரிய பாவம் பண்ணிட்டேன் அண்ணே என்று லிங்கதுரையிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். போன ஜெசிந்தாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கேட்டுக்கு வெளியே இந்த ஜெசிந்தாவைக் கூட்டிப்போகவும் முடியாது. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. லிங்கதுரை மேசையைத் தட்டிக் காட்டினார். எல்லாரும் இந்த மேசைக்குத்தானே வந்தாக, மகாலுக்கு வரலையே என்றார்.

மேசையைத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார்கள். வந்த ஜெசிந்தா கேட்டைத் தாண்டி மேசை இருந்த இடம்வரைக்கும் வந்தாள். அவ்வளவு போதும். முன்னால் லிங்கதுரை, பின்னால் மாரிக்கனி, பக்கத்துக்கு ஒருவராக வட்டத்து ஆட்கள், மகால் சாமானாச்சே என்று கூடவே ஓடிவந்த சண்முகையா அண்ணாச்சி, மேசையின் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஜெசிந்தா, இப்படியாக அந்தப் பந்தி மேசை கோவில்பட்டி மெயின் ரோட்டில் ரயிலடியைப் பார்க்கப் புறப்பட்டது. பஸ்கள் ஒதுங்கின, கடைக்காரர்கள் எழுந்து நின்று எந்தக் கோயில் விசேஷம் என்று கேட்டார்கள், ஒரு பூக்காரி எதுக்கும் இருக்கட்டும் என்று கைநிறைய உதிரிப்பூவை மேசைமேல் போட்டாள். மேசைக்கால் மடங்கி மடங்கி மாரிக்கனியின் முழங்காலில் இடித்தது. வண்டியை எடுத்துருவான், எடுத்துருவான் என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. அந்த ஊரில் சென்னை ரயில் நின்று மூச்சு விடுவதற்குள் கிளம்பிவிடும்.

பிளாட்பாரத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியின் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெசிந்தா, முதலில் மேசையைப் பார்த்தாள், அப்புறம் மாரிக்கனியைப் பார்த்தாள், அப்புறம் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தன்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நான் உங்கிட்ட வேணும்னேதான் சொல்லலை" என்றாள் மாரிக்கனி. மூச்சு இரைத்தது. "வாரேன்னு சொன்னேல்ல. வந்துட்டுப் போ."

ஜெசிந்தா இறங்கினாள். சிக்னல் விழுந்துவிட்டது, ஏறும்மா ஏறும்மா என்று யாரோ கத்தினார்கள், அவள் அவசரப்படாமல் வந்து பூ கிடந்த மேசையில் இரண்டு கையையும் வைத்தாள். எதிர்ப்பக்கம் நின்ற ஜெசிந்தா அப்பாடா என்றாள். அப்புறம் மேசைக்கு இந்தப் பக்கம் ஒருத்திதான், மாரிக்கனி வாங்கிக் கொடுத்த காப்பியின் கசப்பு நாக்கில் இருக்க, ஒரு மாசமாக மாரிக்கனி பேசாமல் வைத்திருந்த எல்லாப் பேச்சும் காதில் இருக்க, நின்று அவள் முகத்தைப் பார்த்தாள். எல்லாத்தையும் முன்னாலேயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லட்டி என்றாள். ஊதல் கேட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

ரயில் நகர்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா திரும்பினாள், பழக்கதோஷத்தில் வாய் வா என்று தொடங்கிவிட்டது. மாரிக்கனி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஜெசிந்தா உதட்டைக் கடித்து அந்தச் சொல்லை நிறுத்தினாள்.

"போறேன், மாரி."

தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தவர், ஊருக்குப் போற பிள்ள பேசுற பேச்சா இது என்று முகத்தைச் சுளித்தார். சண்முகையா அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாரிக்கனி மேசையை விட்டுவிட்டு ரயிலோடு நாலு எட்டு நடந்தாள்.

"போ" என்றாள்.

கடைசிப் பெட்டியும் போகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் வந்து நிற்கவில்லை.